ஜன்னல் பக்கத்து ஆப்பு

மறுநாள் காலை சாவியை வீடு வாங்கியவர் கையில் கொடுத்தாக வேண்டும். கட்டில், அலமாரி, பாத்திரம் பண்டம் எல்லாம் கீழே வண்டியில் ஏறிவிட்டன. மாடி அறையின் நடுவில் மேசை மட்டும் அசையமாட்டேன் என்று நின்றது. அதற்கு எதிரே அண்ணன், கையில் ரம்பத்தோடு, மேசையைவிடப் பிடிவாதமாக நின்றான்.

அண்ணன் இன்ஷூரன்ஸ் ஆபீசில் அதிகாரி. இத்தனை வயதில் அவன் கையால் மரத்துக்குச் செய்த கெடுதல் பென்சில் சீவியது ஒன்றுதான். அவன் ரம்பத்தைப் பிடித்திருந்த லட்சணத்தைப் பார்த்துத் தங்கைக்குச் சிரிப்பு வந்தது.

"நீளக் கட்டை ரெண்டையும் நடுவுல வெட்டிட்டா முடிஞ்சுது, தூசி. உன் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒட்டிக்கோ. உனக்குத் தெரியாத வேலையா?"

சின்ன வயதில் எந்நேரமும் மரத்தூளில் புரண்டுகொண்டிருந்ததால் வீட்டில் வைத்த பெயர் தூசி. இப்போது ஐம்பதை நெருங்கிவிட்டாள். வேறு ஊரில் சொந்தப் பட்டறை வைத்து, மேசையும் நாற்காலியும் செய்து, நாலு பேருக்கு வேலையும் கொடுக்கிறாள். பெயர் மட்டும் உதிரவில்லை.

"அறுத்து ஒட்டறதா? அப்பா காதுல விழுந்திருந்தா உன்னை அறுத்து ஒட்டியிருப்பாரு."

"அவர் போய் ரெண்டு வருஷமாச்சு. விழாது. இந்த மாடிப்படி வளைவுல இது எப்படித் திரும்பும்னு நீயே சொல்லு."

பக்கத்துச் சமையலறையில் கடைசியாக மிஞ்சியிருந்த கெட்டிலைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா, திரும்பாமலே சொன்னாள்: "அறுத்துடுங்க. எதுக்கு வீண் பேச்சு?"

அதைக் கேட்டுத்தான் தூசி திடுக்கிட்டாள். அண்ணன் சொன்னால் அது அவன் சுபாவம். அம்மா சொல்லலாமா? மாதம் தவறாமல் துணியில் எண்ணெய் தொட்டு அந்த மேசையைத் துடைத்தவள் அம்மா. சூடான டம்ளரை நேராக மேசைமேல் வைத்த விருந்தாளிகளை, அவர்கள் எவ்வளவு பெரிய மனிதர்களாக இருந்தாலும், பார்வையாலேயே எழுப்பி நிறுத்தியவள். தவிர, அந்த மேசையை வரைந்ததே அம்மாதான்.

அந்த வீட்டில் அப்படித்தான் வேலை நடந்தது. அம்மா வரைவாள், அப்பா செய்வார். கல்யாணத்துக்கு முன் அப்பா ஒரு பெரிய தொழிற்சாலையில் மட்டமான பலகைமேல் உயர்ந்த மரத்தின் மெல்லிய தோலை ஒட்டும் வேலை பார்த்தார். ஒருநாள், "இது மரத்துக்கு மாறுவேஷம் போடற வேலை. எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதன் பிறகு அவர் செய்த எதிலும் ஒட்டுத் தோல் கிடையாது, இரும்பு ஆணி கிடையாது, பூ வேலை கிடையாது. ஒரு கட்டை இன்னொரு கட்டைக்குள் எங்கே நுழைகிறது, எது எதைத் தாங்குகிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். அந்த இணைப்புதான் அழகு, அதற்குமேல் எதற்கு நகை என்பார். வாடிக்கையாளர் ஒருவர் வெளிநாட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டி, "இது ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் பாணிங்க. நீங்க செய்யறது அப்படியே இதுதான்" என்று ஆச்சரியப்பட்டார். அப்பா ஒவ்வொரு படமாக நிதானமாகப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, நம்மளை மாதிரி கிறுக்கு அங்கேயும் இருந்திருக்கு" என்றார்.

மேசையும் அந்தக் கிறுக்கில் பிறந்ததுதான். இரண்டு முனையிலும் காலுக்குப் பதிலாக அகலமான பலகை. அதன் ஓரத்தில் ஒரு வளைவு மேலே விரிந்து இடுப்பில் ஒடுங்கும். அந்த வளைவுக்காக அம்மா மூன்று நாள் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் போட்டுப் போட்டு அழித்தாள். இரண்டு பலகையையும் சேர்க்க மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு நீளக் கட்டை. கட்டையின் முனை பலகையைத் துளைத்துக்கொண்டு நாக்குபோல் வெளியே நீட்டும். அந்த நாக்கில் ஒரு துளை. துளையில் மேலிருந்து இறங்கும் ஒரு மர ஆப்பு. நாலு நாக்கு, நாலு ஆப்பு, அவ்வளவுதான் மொத்த மேசையும். ஆப்பைக் கீழிருந்து தட்டி எடுத்தால் மேசை பலகையும் கட்டையுமாகப் பிரிந்துவிடும். மீண்டும் செருகித் தட்டினால் யானை ஏறினாலும் அசையாது.

அப்படிப் பிரிகிற மாதிரி செய்ததற்குக் காரணம் இருந்தது. அப்பா காலில் சக்கரம் கட்டியவர். ஒரு பட்டறையில் வெளிச்சம் போதாது, இன்னொன்றில் ஈரம், வேறொன்றில் வீட்டுக்காரரின் மூஞ்சி சரியில்லை. ரயில் பாதையை ஒட்டிய வீடு, அச்சகத்துக்கு மேலே இருந்த வீடு, மழை பெய்தால் வீட்டுக்குள்ளும் குடை பிடிக்க வேண்டிய வீடு என்று எத்தனையோ வீடு. வண்டி வந்து நிற்கும். அப்பா கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலை எடுத்து, மேசைக்கு அடியில் உட்கார்ந்து, டக், டக் என்று தட்டுவார். ஆப்புகள் ஒவ்வொன்றாக அவர் உள்ளங்கையில் வந்து விழும். அந்தச் சத்தம் கேட்டால் அண்ணன் புத்தகப் பையைக் கட்ட ஆரம்பித்துவிடுவான். அம்மா ஜன்னல் ஓரம் வைத்த செடித்தொட்டியைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வருவாள்.

புது வீட்டில் முதலில் ஏறுவது மேசைதான். அது நிமிர்ந்த பிறகுதான் அடுப்பு பற்றும். முதல் ராத்திரி தூசி அதன் அடியில்தான் படுப்பாள். மேலே பார்த்தால் அதே பலகை, அதே இரண்டு கணு, அப்பா இழைப்புளியால் தள்ளிய அதே அலை அலையான வரிகள். சுவர் மாறும், தெரு மாறும், பள்ளிக்கூடம் மாறும், அந்தக் கூரை மட்டும் மாறவே மாறாது. இன்றைக்கும் தன் சொந்த வீட்டில் தூக்கம் வராமல் புரளும்போதெல்லாம் அவளுக்கு ஞாபகம் வருவது அந்த இடம்தான். அப்படித் தூங்கின தூக்கத்தை அதற்குப் பிறகு அவள் தூங்கவில்லை.

கடைசியில் இந்த வீட்டை வாங்கினார்கள். இது சொந்தம். இங்கே வந்த பிறகு மேசை பிரிக்கப்படவே இல்லை.

"ரம்பத்தைக் கீழ வை. அஞ்சு நிமிஷம். அப்பா ஆப்பு, தட்டினா தானா வரும்" என்றாள் தூசி.

மேல்பலகையை அவளும் அண்ணனும் ஏற்கனவே கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். அதைப் பிடித்திருந்த மரத்திருப்பிகள் விரலால் திருப்பியதும் விட்டுக்கொடுத்துவிட்டன. அவள் எலும்புக்கூடாக நின்ற மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கொட்டாப்புளியால் முதல் ஆப்பின் அடியில் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. ஓங்கித் தட்டினாள். கை அதிர்ந்ததே தவிர ஆப்பு அசையவில்லை. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது என்று எல்லாமே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"தானா வரும்னியே?" என்றான் அண்ணன். "நமக்கே ஆப்பு வச்சுட்டுப் போயிட்டாரு போல."

அவள் முறைத்தாள். ஆனால் உள்ளுக்குள் ஆடிப்போயிருந்தாள். அப்பாவின் ஆப்பு வரவில்லை என்றால், மரம் வீங்கியிருக்க வேண்டும் அல்லது அவளுக்கு வேலை தெரியாமல் இருக்க வேண்டும். இது காய்ந்துபோன வெயில் காலம். மரம் வீங்க வழியில்லை.

கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். ஜன்னல் பக்கம், கீழ்க் கட்டையில் இருந்த ஆப்பின் ஓரத்தில், பழுப்பாக ஒரு சொட்டு வழிந்து கண்ணாடி மணிபோல் உறைந்திருந்தது. விரலை எச்சிலில் தொட்டு அந்தச் சொட்டின்மேல் தேய்த்தாள். விரல் பிசுபிசுத்தது. மூக்கருகே கொண்டுபோனாள்.

வஜ்ஜிரம். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற, ஊரைக் கூட்டுகிற நாற்றமுள்ள பழைய பசை. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் சின்னக் கிண்ணத்தை வைத்து அப்பா அதை உருக்கும்போது, அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடுவான். தூசிக்கு அது வீட்டு வாசனை. ஒரு நொடியில் ரயில் பாதை வீடும் அச்சக வீடும் அவளைச் சுற்றி வந்து நின்றன. அப்பாவின் முழங்கையில் ஒட்டியிருக்கும் மரச் சுருள்கூட.

"யாரோ பசை வச்சிருக்காங்க" என்றாள்.

"யாரோன்னா? அப்பாதான்."

"அப்பாவா? பலகையோட பலகை சேர்க்கத்தான் பசை, ஆப்புக்குப் பசை வச்சா அது ஆப்பு இல்ல ஆணின்னு சொன்ன மனுஷனா? மாட்டவே மாட்டாரு."

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். முகம் செத்துப்போயிருந்தது.

"நான்தான் வச்சேன்" என்றாள்.

அண்ணன் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டான்.

"அதான் அறுத்துடுங்கன்னு சொன்னேன். அறுத்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது." அம்மா மேசையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினாள். "இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகல. துறைமுகத்துப் பக்கம் பெரிய பட்டறை ஒண்ணு வருதுன்னு உங்கப்பா ஆரம்பிச்சாரு. மழை முடிஞ்சதும் கிளம்பறோம்னு ஒரே பேச்சு. இது சொந்த வீடாச்சேன்னேன். வாடகைக்கு விட்டுடலாமாம். எனக்கு முடியல. அந்த டக் டக் சத்தத்தை இன்னொரு தடவை கேட்டா செத்துடுவேன்னு தோணிச்சு. அவர் மரம் பார்க்கப் போயிருந்த நேரம் பசையை உருக்கி, அந்த ஆப்பு மேல ஊத்தினேன். ஊத்திட்டு கையெல்லாம் நடுங்கிச்சு."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா சும்மா இருப்பாரா? மழை முடிஞ்சுது, அவர் கிளம்பறதைப் பத்திப் பேசவே இல்ல. ஏன்னு நான் கேட்கல. கேட்டா ஞாபகம் வந்துடும்னு பயம். ஒண்ணையும் மறைக்கக் கூடாதுன்னு வாழ்ந்த மனுஷன். அவர் மேசையிலேயே மறைச்சு வச்சேனே. கடைசியா ஆஸ்பத்திரியில கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தப்பகூடச் சொல்ல வாய் வரல." அவள் குரல் உடைந்தது. "வருஷா வருஷம் வெயில் காலத்துல தட்டுவாரே, அப்ப எல்லாம் எனக்கு உயிரே போயிடும்."

அது பிள்ளைகளுக்கும் நினைவிருந்தது. வெயிலில் மரம் சுருங்கி ஆப்பு தளரும். அதனால் வருடத்துக்கு ஒரு தரம் அப்பா கொட்டாப்புளியோடு மேசையை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு ஆப்பையும் தட்டி இறுக்குவார். வாடகை வீட்டுக் காலத்தில் தன்பாட்டுக்குச் செய்த வேலை அது. இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒரு புது வழக்கம் பிடித்துக்கொண்டார். நாலையும் தட்டி முடித்ததும் சமையலறைப் பக்கம் திரும்பி, "எல்லாம் இறுக்கமா இருக்கு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். அம்மா பதில் சொல்லமாட்டாள். குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிடுவாள். வயசானா சத்தம் ஜாஸ்தியாகிறது என்று பிள்ளைகள் சிரித்துக்கொள்வார்கள்.

தூசி எழுந்துபோய் அம்மாவின் தோளைப் பிடித்தாள். அந்த மனுஷியைத் தேற்ற அவளுக்கு உடனே ஒன்றும் தோன்றவில்லை. மர வேலைதான் தோன்றியது.

"கெட்டில்ல தண்ணி வை. இஸ்திரிப் பெட்டி எங்க இருக்கு? வஜ்ஜிரம்தானே, சூடும் ஈரமும் பட்டா இளகிடும். அறுக்க வேண்டியதில்ல."

இஸ்திரிப் பெட்டியை வண்டியிலிருந்து அண்ணன் தேடி எடுத்து வந்தான். பழைய துண்டு ஒன்றை வெந்நீரில் நனைத்து ஜன்னல் பக்கத்து ஆப்பைச் சுற்றிக் கட்டி, அதன்மேல் பெட்டியை வைத்தார்கள். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. காலி அறை முழுக்க அந்த நாற்றம் பரவியது. அண்ணன் வழக்கம்போல மூக்கைப் பொத்தினான், ஆனால் வெளியே ஓடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தூசி தட்டியபோது ஆப்பு முனகிக்கொண்டு கால் அங்குலம் மேலே வந்தது. பிறகு முழுசாகக் கையில் வந்துவிட்டது. மேல் ஓரத்தில்தான் பசை. துளையைச் சுற்றி, நாக்கின்மேல், எங்கெங்கோ வழிந்திருந்தது. நடுக்கமெல்லாம் அப்படியே அதில் தெரிந்தது.

"சரி, அடுத்தது" என்று அவள் துண்டை மேல் ஆப்புக்கு மாற்றினாள்.

"எதுக்கு?" என்றாள் அம்மா. "அதுக்கு நான் வைக்கலயே."

"எதெதுக்கு வைக்கல?"

"மேல ரெண்டு, அந்தப் பக்கம் ஒண்ணு, எதுக்குமே வைக்கல. ஒண்ணுக்கு வச்சதும் படிக்கட்டுல அவர் செருப்புச் சத்தம் கேட்டுச்சு. கிண்ணத்தை ஒளிச்சு வைக்க ஓடினேன். அந்த ஒண்ணு மட்டும்தான்."

தூசி அம்மாவைப் பார்த்தாள். வயசாகிவிட்டது, மறந்திருப்பாள் என்று நினைத்தாள். அப்படியே இருக்கட்டும் என்று துண்டைக் கட்டிப் பெட்டியை வைத்தாள். இது லேசில் வரவில்லை. துண்டை இன்னொரு முறை நனைத்து, மறுபடி சூடு காட்டி, மறுபடி தட்டி, கடைசியில் அது நெகிழ்ந்து வந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வெளியே ஒரு பொட்டுப் பசை இல்லை. உள்ளே, துளைக்குள் மறைகிற முகங்களில் மட்டும், காகிதம்போல் மெல்லிசாக, ஒரே சீராகத் தடவப்பட்டிருந்தது. பசை நன்றாகக் கவ்வ வேண்டும் என்று அந்த முகங்களைக் கத்தி முனையால் முதலில் கீறியிருந்தது. கீறல் எல்லாம் இடது பக்கம் சாய்ந்திருந்தது.

அப்பா இடது கைக்காரர்.

அவள் அடுத்த இரண்டையும் அதேபோல் சூடு காட்டி எடுத்தாள். இரண்டிலும் அதே கீறல், அதே மெல்லிய பசை. மூன்றையும் துடைத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"அம்மா, நீ ஆப்பை வெளிய எடுத்தியா, அன்னைக்கு?"

"எனக்கு எடுக்கத் தெரியாதே. மேலேருந்து ஊத்தினேன்."

"இது மூணும் வெளிய எடுத்து, கீறி, பசை தடவி, திரும்ப இறக்கினது. பிரிக்கத்தான் வந்திருக்காரு. மூணு வந்திருக்கும். நாலாவது வரல. குனிஞ்சு பார்த்திருப்பாரு. நீ ஊத்தின லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே."

அம்மா கட்டைவிரலால் கீறல்களைத் தடவினாள். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. கண்ணாடி போடாமலே அவளுக்கு அவை புரிந்தன.

"பார்த்துட்டு?" என்றாள், யாரையோ கேட்பதுபோல.

"பார்த்துட்டு, மீதி மூணுக்கும் அவரே வச்சிருக்காரு."

அம்மா ஆப்புகளிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அப்போ தெரிஞ்சேவா வருஷா வருஷம் தட்டினாரு? பசை வச்ச ஆப்பைத் தட்டி எதுக்குடி இறுக்கணும்? அது எங்க தளரும்?"

மரத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாத அண்ணன்தான் சொன்னான்.

"நீ கேட்கணும்னுதாம்மா."

அம்மா முதலில் சிரித்தாள். "திருட்டு மனுஷன்" என்றாள். "உத்தமர் மாதிரி ஒண்ணையும் மறைக்கக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு..." அதற்குமேல் வரவில்லை. ஆப்புகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தரையிலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். இரண்டு வருஷத்துக்கு முன் அழ வேண்டிய அழுகையும் அதில் சேர்ந்திருந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அன்று சாயங்காலம், இனி அம்மாவும் இருக்கப்போகிற தூசியின் வீட்டில் முதலில் ஏறியது மேசைதான். மூட்டை முடிச்செல்லாம் வாசலிலேயே கிடந்தன. பலகைகளை நிறுத்தி, கட்டைகளை நுழைத்து, நாக்குகள் வெளியே வந்ததும் அவள் அம்மாவிடம் கை நீட்டினாள். அம்மா அப்பா பசை வைத்த மூன்றையும் கொடுக்க மனசில்லாமல் கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். ஜன்னல் பக்கம் வருகிற மாதிரி தன்னுடையதைக் கடைசியில் கொடுத்தாள்.

"பசை வைக்கட்டுமாம்மா?"

"வேணாம். அவர் கை பட்டது போதும்."

சொல்லிவிட்டு அம்மா சமையலறைக்குப் போனாள். புது இடத்தில் எந்தக் குழாய் எந்தப் பக்கம் திரும்பும் என்று திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தூசி மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து ஆப்புகளைத் தட்டினாள். டக், டக், டக். கடைசியாக ஜன்னல் பக்கம். அது அழுத்தமாக உட்கார்ந்ததும், நினைத்துச் சொன்னாளோ நினைக்காமல் சொன்னாளோ, சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"எல்லாம் இறுக்கமா இருக்கு!"

உள்ளே குழாய் நின்றது.

"கேட்டுச்சுங்க" என்றாள் அம்மா.